பாஸ் வந்தாரா, பாஸ் வந்ததா?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு மாடிக் கட்டடத்தின் லிப்டுக்குள் இந்த வாசகத்தைக் கேட்டேன். கையில் மரக்கறிப் பையோடு நின்ற பெண் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "பிளான் பாஸானாத்தானே அக்கா பாஸ் வருவார்? பெடியன் சோதினை பாஸ் பண்ணுறதுக்குள்ளயாவது அந்த அறை முடியவேணும்." மற்றவர் "ஓம் ஓம்" என்றார். ஐந்தாம் மாடியில் இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். அந்த மூன்று பாஸும் என்னோடு லிப்டில் நின்றன.

முதல் பாஸ் மாநகர சபை தரும் ஒப்புதல். கடைசிப் பாஸ் பரீட்சையில் தேறுவது. நடுவில் வந்த பாஸ் ஒரு மனிதர், சுவர் கட்ட வரும் மேசன். முதலும் கடைசியும் ஒரே ஆங்கிலச் சொல். நடுவில் உள்ளது ஆங்கிலமே அல்ல. ஆனால் தமிழில் பகரம் ஒன்றுதான். எழுதினால் மூன்றும் 'பாஸ்'தான். எந்தப் பாஸ் என்பதை 'வருவார்' என்ற வினைமுற்றுத்தான் காட்டிக்கொடுக்கிறது.

ஆங்கிலத்தில் பொருள் மிகுந்த சொல் எது என்று கேட்டால், நெடுங்காலம் 'செட்' என்பதே பதிலாக இருந்தது. ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் வினை வடிவத்துக்கு மட்டும் 430 பொருள்கள். பிறகு 'ரன்' அதை முந்தி 645ஐத் தொட்டது. இந்தப் போட்டியில் 'பாஸ்' எங்கே நிற்கிறது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அகராதிக்காரர் ஒரு சொல்லின் பொருள்களைக் கிளை பிரித்து எண்ணுகிறார். கொழும்புத் தமிழர் வாயில் இந்தச் சொல் அப்படிக் கிளைத்து வளரவில்லை. ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களின் கையால் தனித்தனியே வந்து இறங்கியது. சில கப்பலில் வந்தன, சில பள்ளிக்கூடத்தால் வந்தன, சில துவக்கோடு வந்தன.

மிகப் பழையது எது என்று தேடினால் வெள்ளவத்தையில் கிடைக்காது. கொட்டாஞ்சேனைப் பக்கம் போகவேண்டும். அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் கிராண்ட்பாஸ் இருக்கிறது. பஸ் நடத்துநர் ஒரு நாளில் எத்தனை தடவை கூவினாலும் யாரும் காது கொடுத்துக் கேட்காத பெயர். இது ஆங்கிலேயர் வைத்த பெயர்போல ஒலிக்கிறது, ஆனால் வேர் போர்த்துக்கீசம். 'பாஸோ' என்றால் அவர்களுக்கு அடியெடுத்து வைப்பதும் ஆகும், கடக்கும் இடமும் ஆகும். களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை என்பதால் 'பெரிய பாஸோ'. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்தபோதும், ஆங்கிலேயர் 1796இல் பிடித்தபோதும் கொடிதான் மாறியது, அந்தப் பெயரின் முதுகெலும்பு மாறவில்லை. உள்ளூர்க்காரர் அந்தத் துறையை அழைத்த பெயரும் அழியவில்லை. நாகலகம் வீதி என்று இன்றும் அங்கே ஒரு வீதி உண்டு. களனி பெருகும்போது நீர்ப்பாசனத் திணைக்களம் கொழும்புக்கு விடும் வெள்ள எச்சரிக்கை, அந்த நாகலகம் வீதி அளவுகோலில் ஏறும் நீர்மட்டத்தை வைத்துத்தான்.

1822இல் ஆங்கிலேயர் அங்கே படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை போட்டு ஒரு பாலம் அமைத்தார்கள். 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் வந்ததும் படகுப் பாலம் போனது. துறையும் இல்லை, தோணியும் இல்லை. 'பாஸ்' மட்டும் நிற்கிறது. (மட்டக்களப்பில் இதற்கு நேர்மாறு. வாவியைக் கடக்கும் மிதவைக்கே 'பாதை' என்று பெயர். வழியே மனிதரை ஏற்றிக்கொண்டு நகரும் என்று நினைத்த வாய்க்கு ஒரு கும்பிடு.)

போர்த்துக்கீசரின் பாஸோவில் நான் சற்று நிற்பதற்குக் காரணம் உண்டு. 1580களில் கோவாவில் வாழ்ந்த லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர், கோவாத் தீவைச் சுற்றியிருந்த பாஸோக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்கரைக்குப் போகும் உள்ளூர்வாசி காவலனிடம் வெறுங்கையை நீட்டி ஓர் அடையாளம் இடுவித்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது அதைக் காட்டி, சில்லறைக் காசும் கட்டவேண்டும். கடக்கும் இடம் ஒரு பாஸ். கடக்க விடும் அடையாளமும் அங்கேயே பிறக்கிறது. துறை இருக்கும் இடத்தில் காவலன் இருப்பான் என்பது இந்தச் சொல் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்ட குணம்.

வடக்கே இன்னொரு பாஸ் உண்டு, உலகச் செய்திகளில் ஏறி இறங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்தில் ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டைகளில் ஒன்று அங்கே இருந்தது. ஆங்கிலத்தில் 'எலிஃபன்ட் பாஸ்', சிங்களத்தில் 'அலிமங்கட', தமிழில் ஆனையிறவு. வன்னியில் பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குக் கடத்தி, அங்கிருந்து கப்பலேற்றிய வழி. இறவு என்பதை இறங்குதுறை என்று விளக்குவோரும் உண்டு. எனக்கு மற்ற விளக்கமே பிடிக்கும். பழந்தமிழில் 'இற' என்றால் கடந்து போவது. பாலைத் திணையில் சுரத்தைக் கடந்தவன் சுரம் இறந்தவன்தான், அவன் செத்தவன் அல்லன். கடந்துபோன காலம் இறந்த காலம். உலகைக் கடந்துபோனவர் இறந்தவர். இடத்தைக் கடப்பது, காலம் போவது, உயிர் போவது என்று ஆங்கிலத்தில் 'பாஸ்' சுமக்கும் மூன்று பெரிய பாரங்களையும், அந்த மொழியின் பெயரே கேள்விப்படாத ஒரு தமிழ் வேர் முன்னமே சுமந்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஆனையிறவும் எலிஃபன்ட் பாஸும் சொல்லுக்குச் சொல் ஒன்றே.

மேசன் பாஸுக்கு வருவோம். இவர் ஒல்லாந்தர் விட்டுப்போன ஆள். 'பாஸ்' என்றால் ஒல்லாந்த மொழியில் எசமான், தொழில் தலைவன்; உச்சரிப்பில் முதலெழுத்து 'பஸ்' என்பதில் வருவதுபோல அழுத்தமானது. கந்தோர், கக்கூஸ், லாச்சி ஆகியவற்றோடு சேர்ந்து வந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து வுல்ஃபெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தார்கள். அந்தத் தடித்த சுவர்களை எழுப்பியவர்களை அன்றைய கொழும்பு என்னவென்று அழைத்திருக்கும் என்று அங்கே போகும்போதெல்லாம் யோசிப்பேன். சிங்களத்தில் 'பாஸ் உன்னஹே' என்று மரியாதை சேர்த்து அழைக்கிறார்கள். கொழும்புத் தமிழர் வெறும் பாஸோடு 'ஆர்' விகுதி சேர்த்து மரியாதையை முடித்துவிடுகிறோம். மேசன் பாஸ், தச்சுப் பாஸ், கார் திருத்தும் பாஸ்.

யாழ்ப்பாணத்தில் தச்சரை ஓடாவியார் என்பார்கள். அழகான சொல்தான். ஆனால் அதற்குள் சாதி குந்தியிருக்கிறது. கொழும்புக்கு வந்த யாழ்ப்பாணத்தார் ஓடாவியாரை அங்கேயே விட்டுவிட்டுப் பாஸைப் பிடித்துக்கொண்டதற்குச் சிங்களப் பாஸ்மார்தான் வேலைக்கு வருகிறார்கள் என்பது மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். பாஸுக்குத் தொழில் உண்டு, தகப்பன் பெயர் இல்லை.

இதே ஒல்லாந்தச் சொல் மேற்கே அமெரிக்காவில் இறங்கி ஆங்கிலத்துக்குள் புகுந்து முதலாளி ஆனது. அதை இலங்கையில் 'பொஸ்' என்போம். டொக்டர், கொலிஜ், ஒபிஸ் என்று ஒகரம் போடும் வாய்க்கு அதுதான் இயல்பு. சென்னையில் டாக்டர், காலேஜ், ஆபீஸ். ஆகவே முதலாளியும் 'பாஸ்'. 2007இல் ரஜினியின் 'சிவாஜி', 2017இலிருந்து தொலைக்காட்சியில் 'பிக் பாஸ்' என்று சென்னைப் பாஸ் கடல் கடந்து வந்து, வெள்ளவத்தைப் பிள்ளைகள் இப்போது ஒருவரையொருவர் 'பாஸ்' என்று கூப்பிடுகிறார்கள். மேசன் பாஸும் அதுவும் ஒருவயிற்றுப் பிள்ளைகள் என்று அவர்களுக்குத் தெரியாது. 2010இல் வந்த 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தின் நாயகன் அரியர் எழுதி எழுதியும் தேறாதவன்; அந்தத் தலைப்பில் எந்தப் பாஸ் இருக்கிறது, எது இல்லை என்பதுதான் பகிடி.

பரீட்சைப் பாஸ் பற்றிச் சொல்ல நிறைய உண்டு, ஏனென்றால் நம்மவர் வாழ்க்கையில் பாதி அதுதான். வெள்ளவத்தையில் 'பாஸ் பண்ணீட்டான்'. கொட்டாஞ்சேனையில், மலையக வேர் உள்ள வீடுகளில், 'பாஸாயிட்டான்'. பத்திரிகையில் இரண்டும் இல்லை. அங்கே 'சித்தியடைந்தார்'. க.பொ.த. சாதாரண தரத்தில் 35 புள்ளி எடுத்தால் சாதாரண சித்தி, 50 எடுத்தால் திறமைச் சித்தி, 75க்கு மேல் ஏ. பெறுபேறு வந்த வாரத்தில் ஒழுங்கை முகப்புகளில் கட்டும் பதாகைகளில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

ஒருமுறை தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் கொழும்புப் பத்திரிகையைப் புரட்டிவிட்டு, "ஒரே நாளில் இத்தனை பேர் சித்தியடைந்துவிட்டார்களா?" என்று முகம் வாடிக் கேட்டார். அவர் ஊரில் சாமியார் சமாதியானால்தான் சித்தியடைவார். சிரித்தேன், பிறகு யோசித்தேன். ஆங்கிலத்திலும் பரீட்சையில் தேறுவதும் காலமாவதும் ஒரே 'பாஸ்'தானே. தமிழ் அதோடு நிற்கவில்லை. பரீட்சையில் தவறினாலும் தவறுதான். ஒருவர் தவறிவிட்டார் என்றால் அழவேண்டும். தேறினாலும் சாவு, தேறாவிட்டாலும் சாவு என்று உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளை சொன்னால் மொழி அதற்குச் சாட்சி சொல்லும்.

உயர்தரத்தில் பாஸ் என்ற சொல் இன்னும் விசித்திரமாகத் திரும்புகிறது. "மூன்று பாஸ்" என்று ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொன்னால் அதில் மகிழ்ச்சி இருக்காது. மூன்று பாடமும் தேறிவிட்டான், கெம்பஸ் கிடைக்கவில்லை என்று பொருள். 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளிதான் கணக்கு. தேறுவது வாசற்படி மட்டும். வென்றதைக் குறிக்க வந்த சொல்லை, மிச்சம் வந்ததைக் குறிக்கப் பழக்கிவிட்டது இந்த நாட்டுக் கல்வி.

இனித் தாள்.

என் பெரியம்மா ஒருவர் வெள்ளவத்தையில் இருக்கிறார். அவருடைய அலுமாரியின் கீழ்த்தட்டில் மூடி துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று. உள்ளே பிஸ்கட் இருந்ததை நான் கண்டதில்லை. அதை அவர் 'பாஸ் டின்' என்பார். மேலே இருக்கும் தாள் புதியது, அடியில் இருப்பது பழையது. நான் அடியிலிருந்து எடுக்கிறேன்.

மிக மெல்லிய தாள். பெயர், வயது, போகும் காரணம், திரும்பும் திகதி, பிணை நிற்பவரின் பெயர். 1990இல் போர் மறுபடி மூண்ட பின் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வெளியே போக எடுக்கவேண்டிய பாஸ் இது. திரும்பிவருவார் என்பதற்கு ஒருவர் பிணை நிற்கவேண்டும். இளவயதினருக்குக் கிடைப்பது அரிது. யாழ்ப்பாணத்தில் 'பாஸ் எடுத்தாச்சோ?' என்ற கேள்விக்கு அந்த ஆண்டுகளில் ஒரே பொருள்தான் இருந்தது. ஆனையிறவு அப்போது இராணுவத்தின் கையில் இருந்தது, வழி பூட்டு. ஆகவே பாஸ் எடுத்தவர்கள் முதலில் கொம்படி, ஊரியான் பக்கம் நீரில் இறங்கி நடந்தார்கள்; பிறகு கிளாலியில் இரவில் வள்ளம் ஏறினார்கள். பாஸ் என்று பெயர் கொண்ட இடம் மூடிக்கிடக்க, பாஸை மடியில் கட்டிய சனம் பக்கத்து நீரேரியால் போனது. பெரியம்மாவின் தாளில் ஒரு மூலை மட்டும் நீர் பட்டு நிறம் மாறியிருக்கிறது. அது கிளாலித் தண்ணீரோ, பிறகு கொழும்பில் ஊறிய மழையோ, அவருக்கும் நினைவில்லை.

அதற்கு மேலே உள்ளது படம் ஒட்டியது. வவுனியாவில் அரச தரப்புக் கொடுத்த பாஸ். வன்னியிலிருந்து வந்தவர் வவுனியாவில் நிற்பதற்கும், அங்கிருந்து கொழும்புக்கு ஏறுவதற்கும் தனித்தனி அனுமதி. ஒரு நாள் பாஸ், ஒரு வாரப் பாஸ், மாதப் பாஸ் என்று அதில் தரவரிசை. ஒரு தரப்பின் பாஸ் மறுதரப்புக்குக் குற்றப்பத்திரம்போலத் தோன்றும் என்பதால் எதைக் காட்டுவது, எதை ஒளிப்பது என்பது பயணத்தின் பாதி. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, அந்த ஏப்ரலில் ஏ9 வீதி யாழ்ப்பாணம் வரை திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. அதன்பின் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலோ விமானமோ ஏற இராணுவத்திடம் எடுத்ததைச் சனம் பாஸ் என்று சொல்லவில்லை, 'கிளியரன்ஸ்' என்றது. பொருள் அதே, சொல் புதிது. ஏற்கெனவே அஞ்சிய சொல்லை வாய் மறுபடி எடுக்க விரும்பவில்லைப் போலும்.

கொழும்பில் நாங்கள் பத்திரமாகத்தான் இருந்தோம் என்று சொல்லமுடியாது. இங்கே அதன் பெயர் 'பொலிஸ் ரிப்போட்': வீட்டில் தங்குவோர் எல்லோர் பெயரும் காவல் நிலையத்தில் பதிந்த படிவம். வெளியே போகும்போது அடையாள அட்டையோடு அதன் பிரதியும் பையில். 2007 ஜூன் 7 விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அவர்களில் வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தவர்களும் வைத்தியத்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுப் போட, மறுநாளே உச்ச நீதிமன்றம் தடுத்தது. சில நாளில் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். லொட்ஜுகளில் பதிவுப் புத்தகம் இருந்தது, பதிந்த பெயர் இருந்தது. எந்தப் பாஸ் இல்லாமல் போனது என்று இதுவரை யாரும் விளக்கியதில்லை.

இந்தத் தாள் வழக்கத்தை நம் போர் கண்டுபிடிக்கவில்லை. கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்த தொழிலாளிக்குத் 'துண்டு' இருந்தது. கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகமுடியாது. 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். துரைமார் தங்கள் அறிக்கைகளில் அதற்கு ஆங்கிலச் சொல் தேடவில்லை, துண்டு என்றே எழுதினார்கள். பாஸ் தமிழுக்குள் வருமுன் அதே வேலையைச் செய்த தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குள் போயிருக்கிறது. இந்தக் கொடுக்கல்வாங்கலில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தென்னாபிரிக்காவில் அனுமதிச் சீட்டின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து சிறைபோய், 1914 பெப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையும் இந்தக் கதையில் ஒருத்தி. அதே நாட்டில் 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கறுப்பர் அந்தப் புத்தகத்துக்கு வைத்த பெயர் 'டொம்பாஸ்', முட்டாள் பாஸ். வைத்த பெயரிலேயே எதிர்ப்பை எழுதிவிட்டார்கள். நமக்கு அப்படியொரு அடைமொழி தோன்றவில்லை.

மற்றப் பொருள்களை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். டொக்டர் "யூரின் பாஸாகுதோ?" என்று கேட்கும்போது கௌரவமாக இருக்கிறது, அதற்காகவே அந்தச் சொல் வாழ்கிறது. காசோலை பாஸாகும், வங்கிக் கடன் பாஸாகும், சட்டமூலம் பாஸாகும், பந்து பாஸாகும். பைபாஸ் என்றால் ஊருக்கு வெளியே போகும் வீதியா இதயச் சத்திரசிகிச்சையா என்பது பேசுகிறவர் வயதைப் பொறுத்தது. சென்னையில் பஸ் பாஸ். இங்கே அதற்குப் பாஸ் கிடையாது, 'சீசன்'.

இத்தனைக்கும் தமிழில் ஒரே வேர் போதும் என்று வாதாடும் தமிழாசிரியர்கள் உண்டு. அவர்கள் 'கட' என்ற வேரைக் காட்டுவார்கள், காட்டுவதில் பிழை இல்லை. இலங்கை அரசாங்கத் தமிழில் பாஸ்போட் கடவுச்சீட்டு, பாஸ்வேர்ட் கடவுச்சொல், வீதியில் மஞ்சள் கோடு போட்ட இடம் கடவை. யாழ்ப்பாணத்து வேலியில் ஆள் மட்டும் நுழைய விட்ட இடைவெளிக்குக் கடப்பு என்று பெயர். மாடு நுழையாது, மனிதன் காலைத் தூக்கிவைத்துப் போகலாம். 'பாஸோ'வின் பொருளும் அந்தக் காலடிதானே. வேர் வலிமையானது, சொற்களும் நன்றாகவே ஆக்கப்பட்டவை. மஞ்சள் கடவை வாயில் ஏறிவிட்டது, ஏனென்றால் அங்கே நம்மை யாரும் மறிப்பதில்லை. ஆனால் "பாஸ் எடு" என்பதற்குப் பதில் "கடவு எடு" என்று யாரும் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை. கடப்பு நாமே நம் வேலியில் விட்டது. பாஸ் இன்னொருவர் தருவது. அன்னியமான காரியத்துக்கு அன்னியச் சொல்லே கிடக்கட்டும் என்று வாய் தானாகத் தீர்மானித்ததில் எனக்கு வருத்தமில்லை.

டின்னின் மேல்தட்டுக்கு வந்துவிட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மருந்து வாங்க வைத்திருந்த கடிதம் ஒன்று. அதன்மேல், கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் அச்சிட்ட தாள், பிளாஸ்டிக் உறையிட்டது. 2022 ஜூலையில் எரிபொருளுக்கு வந்த தேசியப் பாஸ். காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அதன் ஆங்கிலப் பெயரிலேயே பாஸ் இருந்தும் சனம் 'கியூஆர்' என்றுதான் சொன்னது. 2023 செப்டெம்பர் முதலாம் திகதியோடு அந்த முறை நின்றது. பெரியம்மாவின் மகன் அந்தக் காரையும் விற்றுவிட்டான்.

"இது இனி ஏன் பெரியம்மா?" என்று கேட்டேன்.

தாளை என் கையிலிருந்து வாங்கி, மூலை மடியாமல் நிமிர்த்தி, பழையபடி மேலே வைத்து மூடியை அழுத்தினார். "கிடக்கட்டும் தம்பி. பிறகு கேட்பாங்கள்."